இரண்டு விரல் ஆட்டம்

லாரி தெருமுனையில் திரும்புவதற்கு முன்பே அதன் வாசனை வீட்டுக்குள் வந்துவிட்டது. கருகிய வாசனை. அடுப்பில் எதையோ வைத்து மறந்துவிட்டோமோ என்று அக்கா ஓடிப்போய்ப் பார்த்தாள். அடுப்பு அணைந்துதான் கிடந்தது. அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது.

"வந்துட்டான்," என்றார் அவள் வீட்டுக்காரர், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே. "மூணாவது தடவையா கிளட்ச்சை எரிச்சுட்டு வந்துட்டான் உன் தம்பி."

"அவன் இறங்கறதுக்குள்ள ஆரம்பிக்காதீங்க."

"நான் எங்க ஆரம்பிச்சேன்? என் மூக்கு ஆரம்பிச்சது."

வீட்டை ஒட்டிய காலி மனையில் லாரி முனகிக்கொண்டே வந்து நின்றது. தம்பி இறங்கினான். கதவை அறைந்து சாத்தவில்லை, மெல்லச் சாத்தினான். சாதாரணக் கோபம் என்றால் அறைந்து சாத்துவான். தலைக்கு மேல் போனால்தான் இப்படிப் பூப்போலச் சாத்துவான். கூடப் பிறந்தவளுக்குத் தெரியாதா அது.

"என்னடா ஆச்சு?"

"மேம்பாலத்துல பாதி ஏறினதும் வழுக்கிடுச்சுக்கா. என்ஜின் தொண்டை கிழியக் கத்துது, வண்டி நகரமாட்டேங்குது. முழு லோடு சிமெண்ட். பின்னாடி வந்தவன் ஒவ்வொருத்தனும் இறங்கி வந்து நம்ம பரம்பரையையே இழுத்துட்டுப் போறான். நம்ம தாத்தாவைப் பத்தி எனக்கே தெரியாத விஷயமெல்லாம் இன்னைக்குத் தெரிஞ்சுக்கிட்டேன்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து நின்றிருந்தார்.

"டிரைவர் என்ன சொல்றார்?" என்று மனைவியைப் பார்த்துக் கேட்டார்.

அந்த ஒரு வார்த்தைதான். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவனை "மாப்ள" என்றுதான் கூப்பிடுவார். அவன் அவரை "மாமா" என்பான். வேறு யாருடைய வண்டியையோ ஓட்டிக்கொண்டிருந்தவனை, "ஊரான் வண்டிக்கு உழைக்கிறதை நம்ம வண்டிக்கு உழைச்சா என்னடா" என்று இழுத்து வந்தவள் அக்காதான். வீட்டுக்காரர் லோடு பிடிப்பார், தம்பி ஓட்டுவான். ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தால் வீடு ரெண்டாகிற மாதிரி சிரிப்பு. கிளட்ச் இரண்டாவது தடவை எரிந்ததிலிருந்து மாப்ள போய் டிரைவர் வந்துவிட்டார். கூடவே "என்ன சொல்றார்" என்று ஒரு மரியாதை வேறு. கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால்கூட அவனுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"ஓனர்கிட்ட சொல்லுக்கா," என்றான் தம்பி. "வண்டி வழுக்குது. நான் கிளட்ச் மேல கால் வைக்கல. முதல் தடவையும் வைக்கல, ரெண்டாவது தடவையும் வைக்கல, இப்பவும் வைக்கல."

"அப்ப யாரு வச்சது? நீ வச்சியா?" இது மனைவிக்கு.

"ஆமா. நான்தான் துணி உலர்த்திட்டு நடுவுல போய் வச்சுட்டு வந்தேன்."

"விளையாட்டா இருக்கு உனக்கு. மெக்கானிக் என்ன சொன்னான்? ஓட்டறவன் பெடல் மேல காலைச் சாய்ச்சுக்கிட்டே ஓட்டினாத்தான் இப்படிப் பிளேட் எரியும்னு சொன்னானா இல்லையா?"

சொன்னது உண்மைதான். அந்த மெக்கானிக்குக்குச் சத்தியம் என்று பெயர் விழுந்ததே எடுத்ததற்கெல்லாம் சத்தியம் செய்வதால்தான். கையில் என்ன இருக்கிறதோ அதன் மேல் செய்வான். முதல் தடவை ஜாக்கி மேல் சத்தியம் செய்து, "இது கால் வேலை," என்றான். கியர் பாக்ஸை இறக்கி, பிளேட்டை மட்டும் மாற்றினான். இரண்டாவது தடவை மறுபடி கியர் பாக்ஸை இறக்கி, பிளேட், அதை அழுத்துகிற பிரஷர் பிளேட், பேரிங் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டு, கிரீஸ் டப்பா மேல் சத்தியம் செய்தான். "இதுக்கு மேலயும் எரிஞ்சா அது வண்டியோட குத்தம் இல்ல."

"பெடல் இறுக்கமா இருக்கு, மேலயே பிடிக்குதுன்னு அன்னைக்கே சொன்னேன்ல," என்றான் தம்பி.

"புதுசு இறுக்கமாத்தான் இருக்கும். புதுச் செருப்பு கடிக்கிறதில்ல? அதுக்காகச் செருப்பையா எரிப்பாங்க?"

"அக்கா, நான் வண்டியிலேயே சாப்பிட்டுக்கறேன்."

"டேய், உள்ள வந்து உட்காருடா."

"டிரைவருங்க வண்டியிலதான் சாப்பிடுவாங்க."

தட்டை வாங்கிக்கொண்டு கேபினுக்குள் ஏறிவிட்டான். முந்தின வாரத்திலிருந்து இதே கதைதான். அக்கா தட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பதும், காலித் தட்டை வாங்கி வருவதும். வீட்டுக்காரர் உள்ளே தனியாக உட்கார்ந்து, யாரோ தன்னைச் சாப்பிட விடாமல் தடுக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சாப்பிடுவார்.

"ஒரு பக்கம் நீங்க அழுத்தறீங்க, இன்னொரு பக்கம் அவன் அழுத்தறான்," என்றாள் அவள், தட்டைக் கழுவப் போகும்போது. "நடுவுல தேயற பிளேட் நான். என்னை எப்ப மாத்தப் போறீங்க?"

அவள் குழாயைத் திறக்கப் போனாள். திறக்கவில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு, காலை ஊன்றி, பல்லைக் கடித்துத் திருகிய பிறகு தண்ணீர் வந்தது.

அந்த வீட்டில் எல்லாமே அப்படித்தான். அவருக்கு எது ஆடினாலும் ஆகாது. ஒரு சின்னக் கடகடப்பு காதில் விழுந்துவிட்டால் போதும், ஸ்பானரோடு கிளம்பிவிடுவார். கட்டில் ஆடுகிறது என்று முடுக்கி முடுக்கி மரமே விரிசல் விட்டது. மேசை விசிறியின் கழுத்து ஆடுகிறது என்று முடுக்கினார், அன்றிலிருந்து அது ஒரே பக்கம்தான் பார்க்கும், கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி. மகளின் மூக்குக் கண்ணாடித் திருகை முடுக்கப்போய் கண்ணாடியே கீறிப்போனது. இப்போதெல்லாம் அப்பா கையில் திருப்புளியைப் பார்த்தால் மகள் கண்ணாடியைக் கழற்றி மறைத்துவிட்டு, தடவிக்கொண்டே நடக்கிறாள். "ஆடற பொருள் ஆயுசுக்கு ஆகாது" என்பது அவர் கட்சி. "நீங்க முடுக்கின பொருளும்தான் ஆகல" என்பது இவள் கட்சி. அந்தக் கட்சிக்கு வீட்டில் ஓட்டு நிறைய, செல்வாக்குதான் இல்லை.

லாரி மறுபடி சத்தியத்தின் பட்டறைக்குப் போனது. தயாரானதும் எடுத்து வர யார் போவது என்று ஒரு பிரச்சினை வந்தது. வீட்டுக்காரர் போகமாட்டார், டிரைவர் முகத்தில் விழிக்க முடியாதாம். தம்பியோ, "நான் தனியாப் போய் எடுத்துட்டு வந்தா வழியில நான்தான் எரிச்சேன்னு சொல்வாங்க. சாட்சிக்கு ஆள் வேணும்," என்றான். கடைசியில் சாட்சியாக அக்கா போனாள்.

பட்டறையில் சத்தியம் லாரிக்கு அடியிலிருந்து உருண்டு வெளியே வந்தான். முகத்தில் வேர்வையும் கிரீஸும் போட்டி போட்டன.

"வாங்கம்மா. நீங்களே வந்துட்டீங்களா? நல்லதாப் போச்சு. இந்த வண்டியைப் பார்த்தாலே எனக்கு இப்பல்லாம் வயித்தைக் கலக்குது. என் பொண்டாட்டி கேக்கறா, அந்த லாரியைக் கட்டிக்கிட்டீங்களா என்னைக் கட்டிக்கிட்டீங்களான்னு."

"இந்தத் தடவையாவது சரியாயிடுமா?"

"போன தடவையும் சரியாத்தான் இருந்துச்சு. இந்த ஸ்பானர் மேல சத்தியமா. இங்க இருந்து போகும்போது தங்கம். திரும்பி வரும்போது தகரம். நடுவுல என்ன நடக்குதுன்னு இவரைத்தான் கேக்கணும்."

தம்பி வானத்தைப் பார்த்தான்.

"என்னைக் கேளுங்கண்ணே, ஆனா நம்பமாட்டீங்க. அப்புறம் எதுக்குக் கேக்கறீங்க."

"நீங்க சரியாத்தான் வச்சீங்கன்னு எனக்குக் காட்டுங்க," என்றாள் அக்கா. சண்டையை விலக்கத்தான் கேட்டாள். அவளுக்குக் கிளட்ச்சைப் பற்றித் தெரிந்தது அதன் வாசனை மட்டும்தான்.

சத்தியம் கேபின் கதவைத் திறந்தான். "கையை வச்சு அந்தப் பெடலை அழுத்துங்கம்மா. பயப்படாதீங்க, கடிக்காது."

அழுத்தினாள். பெடல் கொஞ்ச தூரம் சும்மா இறங்கியது, விழப்போகிற பல்லைக் குழந்தை நாக்கால் தள்ளுகிற மாதிரி. அப்புறம் கனமாகிவிட்டது.

"சும்மா இறங்குது பாருங்க, ரெண்டு விரல் அளவு? அதுதான் ஆட்டம். அது கட்டாயம் இருக்கணும். இருந்தாத்தான் நீங்க காலை எடுத்ததும் பிளேட் முழுசாக் கவ்வும். ஆட்டம் இல்லைன்னா, நீங்க காலே வைக்காட்டியும் யாரோ அரைக்கால் வச்சு அழுத்திட்டிருக்கிற மாதிரிதான். வழுக்கும், சூடாகும், எரியும்."

"காலே வைக்காட்டியுமா?"

"காலே வைக்காட்டியும். ஆனா ஆட்டம் அதுவா போகாதும்மா. பிளேட் தேயத் தேயத்தான் கொஞ்சம் கொஞ்சமாக் குறையும். நான் ஒவ்வொரு தடவையும் அளந்து வைக்கிறேன், திரும்பி வரும்போது சுத்தமா இல்ல. அவ்வளவு வேகமாத் தேயணும்னா அது கால் வேலைதான்."

அக்கா பெடலை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தாள். தொளதொளவென்று ஆடியது. இப்படித் தொளதொளக்கிற ஒரு பொருளைத் தன் வீட்டு எல்லைக்குள் எப்போதாவது பார்த்திருக்கிறோமா என்று அவளுக்கு ஒரு யோசனை ஓடியது. பார்த்ததாக ஞாபகம் இல்லை.

கையை மெல்ல எடுத்துக்கொண்டாள்.

"இந்த ஆட்டத்தை வேற யாராவது குறைக்க முடியுமா?"

"ஒரு ஸ்பானர் இருந்தா யாரும் குறைக்கலாம். கீழ ஒரு கம்பி வரும், அதுல ஒரு நட்டு. முடுக்கினா ஆட்டம் போயிடும். ஆனா எந்த மடையன் போய் அதை முடுக்குவான்?"

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது தம்பி வண்டியைத் தாலாட்டுகிற மாதிரி ஓட்டினான். கியர் மாற்றிய ஒவ்வொரு தடவையும், கிளட்ச்சிலிருந்து காலை எடுத்துத் தரையில் வைத்து, "பார்த்துக்கோ," என்று சொன்னான். நாலைந்து தடவை பார்த்துக்கொண்ட பிறகு அவளுக்குச் சலித்துவிட்டது.

"போதும்டா. சாட்சிக்குக் கண் வலிக்குது."

"அக்கா, பால் கம்பெனியில டேங்கர் ஓட்டக் கூப்பிட்டிருக்காங்க. வெள்ளிக்கிழமை வரச் சொன்னாங்க. போகலாம்னு இருக்கேன்."

அவள் அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அவர் மனசுல ஒண்ணும் இல்லடா."

"மனசுல இல்லக்கா, வாயில இருக்கு. டிரைவருங்கறார். வெளியே டிரைவரா இருந்தா டிரைவர்னு கூப்பிட்டாச் சுருக்குன்னு தைக்காது பாரு."

தனக்குத் தோன்றியதை அப்போதே சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லி, அது தப்பாகப் போய்விட்டால், தம்பிக்காகப் புருஷன் மேல் பழி போட்டவள் என்று ஆகிவிடும். கண்ணால் பார்க்காமல் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தாள். அவளுக்கு அது ரொம்பச் சிரமமான முடிவு.

வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"சத்தியம் ஃபோன் பண்ணினான். ஆட்டமெல்லாம் சரி பண்ணிட்டானாம்."

"அப்படியா சொன்னான்? ஆட்டம் சரி பண்ணிட்டேன்னா?"

"ஒவ்வொரு தடவையும் அதைத்தான் சொல்றான். வாயால சரி பண்றதுல அவனை அடிச்சுக்க ஆள் கிடையாது."

அக்காவுக்கு வந்தது சிரிப்பா எரிச்சலா என்று அவளுக்கே தெரியவில்லை. நேரே சமையலறைக்குப் போய், மனையைப் பார்த்த ஜன்னலோரம் நின்று வெங்காயம் உரிக்கத் தொடங்கினாள். தம்பி மதில் நிழலில் துண்டை விரித்துப் படுத்துவிட்டான்.

ரெண்டாவது வெங்காயம் உரித்து முடிப்பதற்குள் வீட்டுக்காரர் லாரிப் பக்கம் போனார். உலாவப் போகிறவர் மாதிரிதான் போனார். டயரை ஒரு தட்டுத் தட்டினார். கேபின் கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, எதையோ கையால் அழுத்தினார். மறுபடி அழுத்தினார். "த்சு" என்று நாக்குக் கொட்டியது ஜன்னல் வரைக்கும் கேட்டது. இடுப்பிலிருந்து ஸ்பானர் வெளியே வந்தது. சாக்கை விரித்து அடியில் நுழைந்துகொண்டார்.

அக்கா வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தாள். தம்பியைக் காலால் தட்டி எழுப்பி, வாயில் விரல் வைத்துக் காட்டினாள். ரெண்டு பேரும் போய் லாரிக்குப் பக்கத்தில் நின்றார்கள். வெளியே அவர் கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

"என்னங்க, என்ன பண்றீங்க?" என்று கால்களைக் கேட்டாள்.

"நீயா. ஒண்ணுமில்ல. அந்தச் சத்தியம் விட்டுட்டுப் போன வேலையைப் பார்க்கறேன். பெடல் கிழவி பல்லு மாதிரி ஆடுது, ஆட்டம் சரி பண்ணிட்டேன்னு கூசாமச் சொல்றான்."

"நீங்க எடுத்துடறீங்களாக்கும்?"

"சுத்தமா. ஒரு நூல்கூட ஆடாது."

"போன தடவையும் நீங்கதான் எடுத்தீங்களா?"

"பின்ன? நான் பார்க்கலைன்னா யாரு பார்ப்பா? அதுக்கு முந்தின தடவையும் நான்தான். அதுக்கும் முன்னாடி, ஒரு நாள் சும்மா பார்க்கும்போது ஆடிச்சேன்னு முடுக்கி வச்சேன். அப்பவே நான் பார்க்கலைன்னா இந்த வண்டி என்ன கதி ஆகியிருக்கும். உன் தம்பிக்கு இதெல்லாம் கண்ணுல படுதா? டிரைவர்னா ஓட்டினா மட்டும் போதுமா?"

தம்பி மதிலைப் பார்த்தான். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான், வேர்க்கவில்லை என்றாலும்.

அக்கா ஃபோனை எடுத்துச் சத்தியத்தைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, லாரிக்கு அடியில் நீட்டினாள்.

"சத்தியம், நான்தான் பேசறேன். இவர் அடியில படுத்துக்கிட்டு ஆட்டத்தை எடுக்கறார். ஒவ்வொரு தடவையும் எடுத்திருக்கார். நீங்களே பேசுங்க."

ஃபோன் செத்துவிட்டதோ என்று அவள் எடுத்துப் பார்த்தாள்.

"எந்த ஆட்டத்தை?" என்றது ஃபோன் கடைசியில்.

"எந்த ஆட்டமா? நீதானே ஆட்டம் சரி பண்ணிட்டேன்னே?" என்றார் வீட்டுக்காரர் அடியிலிருந்து. "எங்க பண்ணினே? ரெண்டு விரலுக்கு ஆடுது."

"ரெண்டு விரல் ஆடணும்னுதான்யா சரி பண்ணேன்."

"ஆடற மாதிரி யாராவது சரி பண்ணுவாங்களா?"

"கிளட்ச்சுல பண்ணுவாங்க. ஆட்டம் சரி பண்ணிட்டேன்னா ஆட்டத்தைச் சரியா வச்சுட்டேன்னு அர்த்தம். ஆட்டத்தைக் கொன்னுட்டேன்னா அர்த்தம்? ஐயோ, மூணு தடவை கியர் பாக்ஸை இறக்கினேனே, என் முதுகு மேல சத்தியமா, இப்பக்கூட நிமிர முடியல. ஒரு நல்ல டிரைவரைப் போய் கால் வேலை கால் வேலைன்னு சொல்லிட்டேனே."

"அதைப் புரியற மாதிரித் தமிழ்ல சொல்லித் தொலைக்கக் கூடாதா நீ?"

"தமிழ்லதான் சொன்னேன்."

ஃபோன் வைக்கப்பட்டது. ஒரு காலின் பெருவிரல் மட்டும் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. அவர் யோசிக்கும்போது அப்படித்தான் ஆடும். இந்த வீட்டில் முடுக்கப்படாமல் தப்பித்த ஒரே பொருள் அதுதான் போலிருக்கிறது என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

"வெளிய வாங்க," என்றாள்.

"இரு."

"எவ்வளவு நேரம் அங்கேயே இருக்கப் போறீங்க?"

"இருன்னேன்ல."

தம்பி குனிந்து, வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தான். அவனிடமிருந்து என்ன வரப்போகிறதோ என்று அக்காவுக்குப் பயமாக இருந்தது. அவன் திட்டினால் அவளால் தடுக்க முடியாது, நியாயம் அவன் பக்கம்.

"நட்டை எவ்வளவு முடுக்கினீங்க?" என்று மட்டும் கேட்டான்.

"இப்பத்தான் ஆரம்பிச்சேன். முக்கால்வாசி போயிடுச்சு."

"திருப்பி விடுங்க."

"நீ வந்து விடு."

"நான் எதுக்கு? முடுக்கினது யாரு? நீங்களே விடுங்க."

ஸ்பானர் நட்டில் மாட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு சின்ன முனகல். வாழ்நாளில் அந்த மனிதர் ஒரு நட்டைத் தளர்த்துவது அதுதான் முதல் தடவையாக இருக்கும். பிள்ளையை விடுதியில் விட்டுவிட்டு வருகிறவர் மாதிரி, கொஞ்சம் விடுவார், நிறுத்துவார்.

"போதுமா?"

தம்பி கேபினுக்குள் கையை விட்டு அழுத்திப் பார்த்தான். "இன்னும்."

"இப்போ?"

"ஒரு விரல்தான் வந்திருக்கு. இன்னும் விடுங்க."

"ஆடுதுப்பா."

"ஆடட்டும்."

இன்னும் கொஞ்சம் விட்டார். பிறகு கால்கள் பின்னால் நகர்ந்து, வேட்டி வந்து, கடைசியில் முகம் வந்தது. எழுந்து நின்று முழங்கை மண்ணைத் தட்டிக்கொண்டார். யாரையும் பார்க்கவில்லை. முன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே, தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்:

"கையால பார்த்தா சரியாத் தெரியாது. உன் காலை வச்சுப் பாரு, மாப்ள."

தம்பி உடனே ஏறவில்லை. கதவைப் பிடித்தபடி நின்றான்.

"என் காலா? என் கால்தான் சரியில்லையே."

"கால் சரிதான். என் கைதான் சும்மா இருக்காது. ஏறுன்னா ஏறேன்."

ஏறி உட்கார்ந்து, வண்டியைக் கிளப்பி, கியர் போட்டு, மனைக்குள்ளேயே முன்னும் பின்னுமாக நகர்த்திப் பார்த்தான். லாரி ஒரு முனகலும் இல்லாமல் போய் வந்தது. இறங்கி, கதவை ஓங்கி அறைந்து சாத்தினான். அந்தச் சத்தம் கேட்டதும்தான் அக்காவுக்கு மூச்சு வந்தது.

"வெள்ளிக்கிழமை?" என்று மெல்லக் கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை சிமெண்ட் லோடு இருக்குல்ல?" என்றான் மாமாவைப் பார்த்து.

"இருக்கு. மேம்பாலம் வழியாத்தான்," என்றார் அவர்.

"பசிக்குதுக்கா. கை கழுவிட்டு வர்றேன், உள்ளேயே தட்டு வை."

அவன் உள்ளே போனான். அக்கா விட்ட வெங்காயத்தை நினைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். வாசற்படி தாண்டுவதற்குள் உள்ளேயிருந்து அவன் குரல் வந்தது.

"அக்கா, இந்தக் குழாய் திறக்கமாட்டேங்குது."

அவள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் ஸ்பானரை வேட்டி மடிப்புக்குள் மறைக்கப் பார்த்து, முடியாமல், கையிலேயே வைத்துக்கொண்டார்.

"அது சொட்டிட்டு இருந்துச்சு," என்றார்.